உலைக்கு வந்த காசுகளும் ஜேம்ஸ் பிரின்செப்பும்

பழைய காசு ஒன்று கைக்குக் கிடைத்ததும் அது என்ன விலை பெறும் என்று கேட்பதே நம்மிற் பலரது வழக்கம். அது எந்த மன்னனுடையது, அதிலுள்ள எழுத்து யாது என்று கேட்போர் மிகச் சிலரே. விலையறிவதைத் தொழிலாகவும் எழுத்தறிவதை வேட்கையாகவும் கொண்டிருந்தவர் ஜேம்ஸ் பிரின்செப். அவரது கதையில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு.

இங்கிலாந்தில் 1799 இல் பிறந்த அவர், 1819 இல் கல்கத்தா நாணயச்சாலைக்கு உலோகப் பரிசோதகராக வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே காசி நாணயச்சாலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கு கழிந்த பத்து ஆண்டுகளில், ஔரங்கசீப் கட்டிய பள்ளிவாசலின் மினாராக்களைச் செப்பனிட்டவரும் அவரே.

அக்காலத்து நாணய நிலைமை பெருங் குழப்பமானது. முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் 1806 இல் மறைந்த பின்னரும் கம்பனியார் அவர் பெயரிலேயே ரூபாய் அச்சிட்டனர். காசில் பொறித்த ஆட்சியாண்டு பழையதாகப் பழையதாகச் சராப்புகள் அதற்கு வட்டம் பிடித்தனர். இதனைத் தவிர்க்க, வங்காளத்துச் சிக்கா ரூபாயில் பத்தொன்பதாம் ஆட்சியாண்டே மாறாது நிறுத்தப்பட்டது. வெள்ளியின் அளவு குறையாதிருக்க ஆண்டின் பெயரால் ஏழையிடமிருந்து பணம் பறிக்கப்பட்டதென்றால், அதைக் கொள்ளை என்னாது வேறென்னென்பது! 180 கிரெயின் எடையும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் கொண்ட ஒரே ரூபாய் 1835 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்காக வாதாடியவர்களுள் பிரின்செப் முக்கியமானவர்.

நாணயச்சாலைக்கு வரும் பழைய காசு உருகி உலோகமாவதே வழமை. ஆனால் பிரின்செப்பிடம் வந்த பழங்காசுகள் உலைக்கு முன்னர் அவரது மேசைக்குச் சென்றன. பஞ்சாப், ஆப்கானிஸ்தான் பகுதிகளில் கிடைத்த காசுகளையும் அன்பர்கள் அனுப்பிவைத்தனர். அவற்றுட் பல, ஒரு முகத்தில் கிரேக்க எழுத்தும் மறுமுகத்தில் எவருக்கும் விளங்காத எழுத்தும் கொண்டவை. மெனாந்தர் முதலிய மன்னரின் பெயர்கள் இரு புறமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று சார்ள்ஸ் மேசன் சுட்டிக்காட்டினார். அந்த வழியே சென்று, இன்று கரோஷ்டி எனப்படும் எழுத்தின் பெரும்பகுதியை பிரின்செப் படித்தறிந்தார்.

பிராமியின் பூட்டும் காசினாலேயே முதலில் அசைந்தது. அகதொக்கிளிஸ் மன்னனின் காசிலிருந்து ஜேர்மனிய அறிஞர் லாசன் 1836 இல் சில எழுத்துகளைக் கண்டுகொண்டார். மறு ஆண்டு, சாஞ்சித் தூணங்களின் சிறு சாசனங்கள் பலவும் ஒரே எழுத்துகளில் முடிவதைக் கவனித்த பிரின்செப், அவை தானம் என்ற சொல்லாகவே இருக்க வேண்டும் என்று ஊகித்தார். கதவு திறந்தது. நமது நாட்டுக் குகைச் சாசனங்களும் அந்த எழுத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

எழுத்து விளங்கிற்று, ஆள் விளங்கவில்லை. தேவானாம்பிய பியதசி என்று தூண்களில் தன்னைக் கூறிக்கொண்ட மன்னன் யார்? அநுராதபுரத்தில் ஆண்ட தேவநம்பியதீசனே அவன் என பிரின்செப் முதலில் கருதினார். பெயரொற்றுமை அவரை மயக்கிவிட்டது. இலங்கையில் சிவில் சேவையிலிருந்த ஜோர்ஜ் டேர்னர், சியாமிலிருந்து கிடைத்த தீபவம்சப் பிரதியைக் கொண்டு, பியதசி என்பது பிந்துசாரனின் மகனான அசோகனின் பெயரே என 1837 இல் நிறுவினார். டேர்னரும் 1799 இல் பிறந்தவர்தாம். பிரின்செப் தயங்கவில்லை. தாம் நடத்திய ஆசிய சங்கச் சஞ்சிகையிலேயே அத்திருத்தத்தை வெளியிட்டு ஏற்றுக்கொண்டார். தமது பிழையைத் தமது பத்திரிகையிலேயே அச்சேற்றுவது எளிதன்று என்பதை இத்தொழிலில் உள்ளோர் அறிவர்.

பகலில் நாணயச்சாலை, இரவில் சாசனம் என உழைத்த உடல் 1838 இல் தளர்ந்தது. மூளை பாதிக்கப்பட்ட நிலையில் இங்கிலாந்து திரும்பிய அவர், 1840 ஏப்ரல் 22 இல் நாற்பதே வயதில் மறைந்தார். ஹூக்ளி ஆற்றங்கரையில் அவர் பெயரால் ஒரு படித்துறை எழுந்தது. அவர் சேர்த்த காசுகளை 1847 இல் பிரிட்டிஷ் அரும்பொருட்காட்சியகம் விலைக்கு வாங்கிற்று; அவை கிடைத்த மண்ணில் தங்கவில்லை.