வீட்டு வரி ரசீதுக்குள் ஒரு கணக்கு வாத்தியார்

அடுத்த முறை அப்பா வீட்டு வரி கட்டிவிட்டு வந்தால் அந்த ரசீதைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். வரித் தொகையோடு 'நூலக வரி' என்று ஒரு சின்னத் தொகையும் இருக்கும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனிதரின் இருபது வருடப் போராட்டம் இருக்கிறது. அவர்தான் சீர்காழி தந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்.

1892-ல் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். பேச்சில் திக்கல் வேறு. ஆனாலும் சென்னை கிறித்துவக் கல்லூரியில் கணிதம் படித்து எம்.ஏ. முடித்தார். மங்களூர், கோவை, சென்னை என அரசுக் கல்லூரிகளில் கணக்கு வாத்தியார் ஆனார். திக்கு வாயை வைத்துக்கொண்டு வகுப்பை ஆண்டார் என்றால் சும்மாவா?

1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் வேலை கிடைத்தது. போன சில நாளிலேயே மனிதருக்குப் போரடித்துவிட்டது! நாள் முழுக்க ஆள் அரவமே இல்லாத அறை. பழைய கல்லூரிக்கே ஓடிப்போய், என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதல்வரிடம் கெஞ்சினார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள்.

லண்டனில்தான் அவருக்குக் கண் திறந்தது. அங்கே நூலகம் என்பது பெரிய மனிதர்களின் அலமாரி இல்லை. ஊராட்சி மன்றங்களும் நகரசபைகளும் வரிப்பணத்தில் நடத்துகிற இடம். தொழிலாளியும் வருகிறான், பள்ளி விட்ட பிள்ளைகளும் வருகிறார்கள். ஒரு வாத்தியாருக்கு இது எப்படி இருந்திருக்கும்? பள்ளி மணி அடித்த பிறகும் படிப்பு நிற்காத ஊரை அவர் அங்கேதான் பார்த்தார்.

இன்னொன்றும் பார்த்தார். நம்ம மெக்கானிக்கல் ஆட்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்! செல்ஃபிரிட்ஜ் என்ற பெரிய கடையில் மெக்கானோ செட் விளையாட்டுச் சாமானைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டை போட்ட பட்டைகள், சக்கரம், போல்ட், நட்டு. அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மைகள். புத்தகப் பொருள்களையும் இப்படித் துண்டுகளாக்கிப் பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அந்த யோசனைதான் 1933-ல் அச்சேறிய கோலன் பகுப்பு முறை. போல்ட்டும் நட்டும் செய்கிற வேலையை அங்கே முக்காற்புள்ளி செய்தது.

ஊர் திரும்பியவர் விடுமுறையே இல்லாமல் வாரம் ஏழு நாளும் உழைத்தார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். 1931-ல் மன்னார்குடியில் கனகசபை என்பவர் மாட்டு வண்டியிலேயே புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் இவரே.

ஆனால் வள்ளல்களை நம்பி எத்தனை வண்டி ஓட்ட முடியும்? வருஷா வருஷம் தவறாமல் பணம் வர வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்பது அவர் கணக்கு. 1930-லேயே ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதிக் காசி மாநாட்டில் வைத்தார். வங்காளத்தில் அதை மசோதாவாக்க முயன்றார்கள். கட்டாய வரி கூடாது என்று வெள்ளை அரசு தடுத்தது. சென்னையிலும் ஒரு முயற்சி நடந்து நின்றுபோனது. மனிதர் விட்டாரா? சுதந்திரம் வந்தபின், கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் கைகொடுக்க, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பின் வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான்.

அதன் சூட்சுமம் எளிமையானது. சொத்து வரியில் ரூபாய்க்கு அரையணா நூலக வரி. நகராட்சியும் பஞ்சாயத்தும் வசூல் செய்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். அரையணா ஏறி ஏறி இன்று ரூபாய்க்கு 10 காசு. ஆயிரம் ரூபாய் வீட்டு வரி என்றால் நூறு ரூபாய் நூலகத்துக்கு. ஓட்டு வீட்டுக்காரரும் கொடுக்கிறார், மாடி வீட்டுக்காரரும் கொடுக்கிறார்.

இது நமக்கு எதுக்கு என்கிறீர்களா? பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி ஓடுகிற வீட்டில் உட்கார்ந்து படித்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். பக்கத்தில் பேசுவதே காதில் விழாது, அப்புறம் எங்கே தெர்மோடைனமிக்ஸ்? ட்யூஷனுக்குக் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சாயங்காலம் ஒரு மேசை, ஒரு விளக்கு, தலைக்கு மேல் ஒரு ஃபேன் எங்கே இலவசமாகக் கிடைக்கும்? கிளை நூலகத்தில்தான். நாமக்கல்லில் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீட்டிலேயே நூலகம் நடக்கிறது. சேலத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அங்கே வேலைக்கான பரீட்சைக்குப் படிக்கிறவர்களில் நம்ம சீனியர்களும் உண்டு.

ஆனால் வசூலாகிற நூலக வரி உள்ளாட்சிக் கணக்கிலேயே நிலுவையாகக் கிடப்பதாக அடிக்கடி பத்திரிகையில் படிக்கிறோம். அது வந்து சேராவிட்டால் புதுப் புத்தகம் இல்லை, ஒழுகுகிற கூரைக்கு மராமத்து இல்லை. கட்டியவர் நம்ம அப்பா. கேட்கிற உரிமை நமக்கு இல்லாமல் யாருக்கு? அடுத்த கிராம சபையில் ஒருத்தராவது எழுந்து கேட்கலாமே!

ரங்கநாதன் 1945-ல் சென்னையை விட்டுக் காசிக்குப் போனார், பிறகு டில்லி. 1957-ல் பத்மஸ்ரீ பெற்றார். 1962-ல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை எடுத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார், நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றுக்காக. அந்தப் பதவிக்கு மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து வைத்தார். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். அவர் பிறந்த ஆகஸ்ட் மாதத்தில் 12-ஆம் தேதியை நூலகர் தினமாக நாடு கொண்டாடுகிறது.