44 ஆண்டு உழைப்பு

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களைப் பார்த்து வியக்காதவர் இல்லை. அதன் தந்தை என்று வானியலார் போற்றுபவர் லைமன் ஸ்பிட்சர். இயற்பியல் படிக்கும் என்னை அவருடைய அறிவைவிட அவருடைய பொறுமையே அதிகம் கவர்ந்தது.

1914-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்த ஸ்பிட்சர், 1938-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1946-இல், தம் 32-ஆம் வயதில், தொலைநோக்கியைப் பூமிக்கு வெளியே நிறுவுவதன் பயன்களை விளக்கி ஓர் அறிக்கை எழுதினார். நம் தலைக்கு மேலுள்ள காற்று, விண்மீன்களின் ஒளியைக் கலங்கச் செய்கிறது. புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்தும் விடுகிறது. காற்றைத் தாண்டிவிட்டால் இரண்டு தடைகளும் நீங்கும் என்பதே அவர் வாதம். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்ததோ 1957-இல்தான்!

காலம் கனியட்டும் என்று அவர் கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. 1947-இல் பிரின்ஸ்டன் வானாய்வகத்தின் இயக்குநரானார். 1951-இல் அணுக்கரு இணைவு ஆய்வைத் தொடங்கினார். பின்னர், 80 சென்டிமீட்டர் ஆடி கொண்ட புற ஊதாத் தொலைநோக்கி ஒன்றை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1972-இல் கோப்பர்நிக்கஸ் செயற்கைக்கோளில் ஏறிச் சென்ற அது, 1981 வரை இயங்கியது. பெரிய கனவுக்கு இது ஒரு வெள்ளோட்டம்.

ஆனால், பெரும் தடை விண்வெளியில் இல்லை, பூமியில்தான் இருந்தது. தரையிலுள்ள தொலைநோக்கிகளுக்கான பணம் குறைந்துவிடுமோ என்று வானியலாளர் பலரே அஞ்சினர். அவர்களை இணங்கவைக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. 1974-இல் அமெரிக்க மக்களவை நிதிக்குழு இத்திட்டத்துக்கான பணத்தை நீக்கியது. ஸ்பிட்சரும் ஜான் பாக்காலும் உறுப்பினர்களை நேரில் கண்டு பேசினர். வானியலாளர்களைத் திரட்டிக் கடிதங்கள் எழுதவைத்தனர். செலவைக் குறைக்க 3 மீட்டர் ஆடி 2.4 மீட்டராகச் சுருங்கியது. ஐரோப்பிய விண்வெளி முகமையும் செலவில் பங்கேற்றது. 1977-இல் ஒப்புதல் கிடைத்தது.

1990 ஏப்ரல் 24-இல் ஹப்பிள் விண்ணேறியபோது ஸ்பிட்சருக்கு வயது 75. சோதனை அத்துடன் முடியவில்லை. ஆடியின் விளிம்பு, தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்ததால் படங்கள் மங்கின. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று சீர்செய்த பிறகே தெளிவு பிறந்தது.

1997 மார்ச் 31-இல் மறையும் நாள் வரை அவர் ஆய்வை விடவில்லை. 2003-இல் ஏவப்பட்டு 2020 வரை இயங்கிய அகச்சிவப்புத் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கியது.

நண்பர்களே, நல்ல எண்ணம் தோன்றுவது அரிதன்று. அதற்காகக் குழுக்களில் அமர்ந்தும், கடிதம் எழுதியும், கேட்டதில் பாதி கிடைத்தாலும் சோராமலும் 44 ஆண்டுகள் உழைப்பதுதான் அரிது. ஹப்பிள் படங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த உழைப்பே நினைவுக்கு வருகிறது.