உண்ணிக் காய்ச்சலின் கிருமியைத் தேடிய ஹோவர்ட் ரிக்கெட்ஸ்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புள்ளிக் காய்ச்சல் கண்டவர்களில் பெரும்பாலோர் உயிரிழந்தனர். காரணம் எவருக்கும் தெரியவில்லை.

1906ஆம் ஆண்டு அங்கு சென்றவர் ஹோவர்ட் டெய்லர் ரிக்கெட்ஸ். 1871இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்த இவர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் நோய்க்குறியியல் ஆய்வாளர்.

நோயாளியின் இரத்தத்தை ஏற்றியபோது கினிப் பன்றிகளும் நோயுற்றன. நோயுற்ற விலங்கைக் கடித்த உண்ணியை நலமாக இருந்த மற்றொன்றின் மீது விட்டார், அதுவும் நோயுற்றது. உண்ணியே நோயைக் கடத்துகிறது என்பது இவ்வாறு உறுதியானது. தாய் உண்ணியின் முட்டைகள் வழியாக அடுத்த தலைமுறைக்கும் கிருமி செல்வதை அவர் பின்னர் கண்டறிந்தார்.

கிருமி எது என்பதே சிக்கலாயிற்று. சாயமேற்றிய இரத்தத்திலும் உண்ணி முட்டைகளிலும் மிகச் சிறிய பாக்டீரியா போன்ற உருவங்களை நுண்ணோக்கியில் கண்டார். ஆனால், கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டினால்தான் அறிவியல் உலகம் ஏற்கும் காலம் அது. ஆய்வகத் தட்டுகளில் அது வளரவில்லை. உயிருள்ள செல்களுக்குள் மட்டுமே பெருகும் கிருமி அது என்பது பின்னாளில்தான் தெளிவானது. ரிக்கெட்ஸ் அதற்குப் பெயரிடவில்லை. அந்தத் தயக்கம் நியாயமானதே. இன்று மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை சில மணி நேரத்தில் தரும் விடையை, அன்று ஒரு விலங்கு காய்ச்சலுறும் வரை பல நாட்கள் காத்திருந்தே பெற வேண்டியிருந்தது.

அடுத்து, பேன்களால் பரவும் டைஃபஸ் நோயை ஆராய மெக்சிகோ நகரம் சென்றார். அந்நோயே அவரையும் தொற்றியது. 1910 மே 3ஆம் தேதி, 39ஆவது வயதில் காலமானார்.

டைஃபஸ் கிருமிக்கு 1916இல் ரிக்கெட்சியா புரொவாசெக்கி எனப் பெயரிட்டார் பிரேசில் நாட்டு ஆய்வாளர் ரோச்சா லிமா. அப்பெயரில் இடம்பெற்ற மற்றவரான புரொவாசெக்கும் டைஃபஸ் ஆய்வின்போதே அந்நோய்க்குப் பலியானவர்.