மௌலானா ஆஸாதின் பார்வையை விரித்த பயணம்



மௌலானா அபுல்கலாம் ஆஸாத் (ரஹ்) அவர்களைச் சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் என்றே நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கின்றனர். அவர்களுடைய அரசியல் சிந்தனைக்கு அரபு, துருக்கி நாடுகள் அளித்த பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1888ல் மக்கா முகர்ரமாவில் பிறந்த மௌலானாவின் தாய்மொழி அரபு. தந்தையார் மௌலானா கைருத்தீன் அவர்கள் முரீதுகள் பலரைக் கொண்ட பெரியவர். குடும்பம் கல்கத்தாவில் குடியேறியது. மத்ரஸாவுக்கு அனுப்பப்படாமல் வீட்டிலேயே ஓதி, பதினாறு வயதிற்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடித்தார்கள். 1905ன் வங்கப் பிரிவினை அவர்களை வங்கப் புரட்சியாளர்களிடம் கொண்டு சேர்த்தது. ஆனால், முஸ்லிம்கள் ஆங்கில அரசின் கருவிகள் என்ற ஐயம் அவர்களிடம் அன்று இருந்தது.

இந்நிலையில், 1908ல் இராக், எகிப்து, சிரியா, துருக்கி நாடுகளுக்குப் பயணமானார்கள். இராக்கில் ஈரானியப் புரட்சியாளர்களையும், எகிப்தில் முஸ்தஃபா காமில் பாஷாவின் தொண்டர்களையும், இளந்துருக்கியர் இயக்கத்தாரையும் சந்தித்தார்கள். நாட்டு விடுதலை கேட்போருடன் இந்திய முஸ்லிம்கள் ஏன் சேரவில்லை என அவர்கள் அனைவரும் வியந்து வினவினர். முஸ்லிம் நாடுகளில் முஸ்லிம்களே விடுதலைக்குப் போராட, இங்கே நம்மவர் ஒதுங்கி நிற்பதா? அந்த வினா மௌலானாவின் உள்ளத்தில் தைத்தது. பாரிஸ் வரை சென்றவர்கள், தந்தையாரின் நோய்ச் செய்தி கேட்டு இலண்டன் செல்லாமலே திரும்பினார்கள்.

அதன் விளைவே 1912 ஜூலையில் கல்கத்தாவில் தோன்றிய 'அல்ஹிலால்' என்னும் உருது வார ஏடு. திரிபோலிப் போரும் பால்கன் போரும் அதன் பக்கங்களில் இடம்பெற்றன. அதே பக்கங்களில், சகோதர சமயத்தாருடன் இணைந்து ஆங்கில ஆட்சியை எதிர்க்கும் அழைப்பும் எழுந்தது. அரசு முதலில் 2,000, பின்னர் 10,000 ரூபாய் ஜாமீன் தொகை கேட்டது. ஏடு நின்றது. 1916ல் வங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, 1920 வரை ராஞ்சியில் காவலில் வைக்கப்பட்டார்கள்.

1924ல் துருக்கியே கிலாஃபத்தை ஒழித்தபோது பலர் மனமொடிந்து அரசியலை விட்டனர். மௌலானா விலகவில்லை. அவர்கள் வெளிநாட்டில் கற்றது ஒரு சுல்தானை நம்பியிருக்கும் பாடம் அன்று. சொந்த மண்ணில் தம் மக்களோடு நின்று போராடும் பாடம் என்பதே அடியேனின் கருத்து.

அமைச்சரான பின், 1950ல் இந்தியக் கலாச்சார உறவுகள் கழகத்தை நிறுவினார்கள். அதன் வாயிலாக 'ஸகாஃபத்துல் ஹிந்த்' என்ற அரபு இதழ் வெளியாகி, இந்தியாவின் பண்பாட்டை அரபு வாசகர்களுக்கு எடுத்துரைத்தது. 1958 பிப்ரவரி 22ல் வஃபாத்தான மௌலானா அவர்கள், டெல்லி ஜாமிஆ மஸ்ஜிதின் அருகே அடக்கம் செய்யப்பட்டுள்ளார்கள்.