மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்ட வாலிபர்

சேலத்திலும் நாமக்கல்லிலும் லாரிப் பட்டறைகள் ஏராளம். அங்கே என்ஜினைக் கழற்றி மாட்டும் மெக்கானிக்குகளில் பலர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள்.

கோவைச் சீமையிலும் அப்படி ஒருவர் இருந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரு மோட்டார் சைக்கிளே அவருக்குக் கல்லூரி ஆயிற்று.

அவர்தான் ஜி.டி.நாயுடு!

கிராமத்துக்கு வந்த வண்டி

நாயுடு 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குக் கசந்தது. வயல் வேலைக்குப் போனார்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானாக ஓடுகிறது! நாயுடு அசந்து போனார்.

அதே போல ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசையில் கோவைக்குப் போனார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு காசாகச் சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அந்த அதிகாரியின் வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றினாரா? இல்லை. வண்டியை அக்கு வேறு, ஆணி வேறாகக் கழற்றினார்! திரும்பப் பூட்டத் தெரியாவிட்டால், உழைத்துச் சேர்த்த பணம் அத்தனையும் பாழ்.

என்ஜினின் மூச்சு

என்ஜினும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கின்றன. அந்தக் கலவை ஒரு குழாய் வழியே சிலிண்டருக்குள் போகிறது. பிஸ்டன் அதை அழுத்துகிறது. தீப்பொறி பட்டதும் கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. சக்கரம் சுழல்கிறது.

அந்தக் குழாயில் சிறு ஓட்டை விழுந்தாலும் காற்று அதிகமாகப் புகும். என்ஜின் திக்கித் திணறும். பல சிலிண்டர் உள்ள என்ஜினில் எல்லாவற்றுக்கும் சரிபங்காகக் கலவை போக வேண்டும். அதற்கேற்பக் குழாயை அமைப்பது தனி வித்தை.

இப்படி ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காரணம் உண்டு. நாயுடு அதைக் கையால் தொட்டுக் கற்றார். வண்டியை மறுபடியும் பூட்டினார். மெக்கானிக் ஆனார்!

விழுந்தார், எழுந்தார்

பிறகு திருப்பூரில் பஞ்சு வியாபாரம் செய்து பணம் சேர்த்தார். பம்பாய்க்குப் போய் அதை இழந்தார். ஆனாலும் மனம் தளரவில்லை.

ஸ்டேன்ஸ் துரை பண உதவி செய்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் ஓடத் தொடங்கியது. ஓட்டியவர் நாயுடுவேதான்! அந்த ஒரு பஸ், யு.எம்.எஸ். என்ற பெயரில் 200-க்கும் மேற்பட்ட பஸ்களாகப் பெருகியது.

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார். பேட்டரியில் ஓடும் சவரக் கருவியும் செய்தார்.

1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான்! ஆனால் அதைத் தயாரித்து விற்க அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. ஏழை வீட்டு வாசலுக்கு வந்திருக்க வேண்டிய கார், வராமலே போயிற்று.

பட்டறையே பள்ளி

படிப்பு என்றால் தொழில் கைக்கு வர வேண்டும் என்பது அவர் கொள்கை. 1945-ல் கோவையில் தொழிற்கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். பொறியியல் படிப்புக்கு 2 ஆண்டுகளே போதும் என்று வாதாடினார். அரசாங்கம் ஒப்பவில்லை. அவர் விலகிக்கொண்டார்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார்.

உங்கள் வீட்டுப் பையன் பழைய சைக்கிளையோ ரேடியோவையோ பிரித்துப் போட்டால் உடனே அடிக்கக் கை ஓங்காதீர்கள். திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். பூட்டிவிட்டால், அவன் ஒரு பாடம் படித்துவிட்டான்!