பசளைப் பக்டறி வைத்த லோஸ்

பிளேஸ்டோவில் இருந்து கிழக்கே, பெக்டனுக்கும் அப்பால் போனால் றோடிங் ஆறு தேம்ஸில் விழுகிற இடம் வரும். பார்க்கிங் கிரீக் என்பார்கள். 1857 இல் அங்கே பெரிய பசளைப் பக்டறி ஒன்றை நிறுவி, தொழிலாளருக்கு வரிசையாக வீடுகளும் கட்டிக் கொடுத்தவர் ஜோன் பெனற் லோஸ். எங்கட ஆக்கள் கனபேர் இந்தப் பக்கம் பக்டறிகளில்தான் நிற்கிறோம் என்பதால் அவரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன்.

1814 இல் ஹார்ப்பென்டனுக்குக் கிட்ட, றொதம்ஸ்ரெட் என்ற குடும்பக் காணியில் பிறந்தார். சிறுவயதிலேயே தகப்பன் இறந்துவிட்டார். ஒக்ஸ்போர்ட் போயும் பட்டம் எடுக்காமல் திரும்பினார். (ஏ.எல். உடன் நிறுத்திய எனக்கு இது ஆறுதல்தான். ஆனால் அவருக்குக் காணி இருந்தது!)

எலும்புத்தூள் சில மண்ணில் பலன் தரவில்லை. லோஸ் அதைச் சல்பூரிக்கமிலத்தில் கரைத்துப் போட்டார், பயிர் எழும்பியது. 1842 இல் காப்புரிமை எடுத்து, அடுத்த வருடம் டெப்ட்போர்ட்டில் முதல் பக்டறியைத் தொடங்கினார். 1872 இல் அந்த வியாபாரத்தை 3 லட்சம் பவுணுக்கு விற்று, 1889 இல் 1 லட்சம் பவுணை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிவிட்டார். இப்படியும் ஒரு முதலாளி.

1843 இல் கில்பேர்ட் என்ற இரசாயனவியலாளரையும் சேர்த்துக்கொண்டு வயலில் பரிசோதனை தொடங்கினார். இருவரும் 57 வருடம் சேர்ந்து வேலை செய்தார்கள். புரோட்போக் என்ற கோதுமை வயலைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். நைதரசனும் பொசுபரசும் பொது. அதோடு ஒரு துண்டுக்குச் சோடியம், ஒன்றுக்குப் பொற்றாசியம், ஒன்றுக்கு மகனீசியம். முதல் வருடங்களில் சோடியம் போட்ட துண்டு பொற்றாசியத் துண்டுக்குப் பெரிதாகப் பிந்தவில்லை. போகப்போக மண்ணில் கிடந்த பொற்றாசியம் குறைய விளைச்சலும் பின்தங்கியது. செடியின் கலத்துக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கிற வேலையைச் சோடியமும் செய்யும். மற்ற வேலைகளுக்குப் பொற்றாசியமேதான் வேணும். ஊரில் தென்னைக்கு உப்புப் போடுவார்களே, அது வேறு கதை: அங்கே முக்கியமாக உதவுவது உப்பில் உள்ள குளோரின்.

லோஸ் 1900 இல் காலமானார். அவர் காணாத ஒன்றை அவரது நிலையமே 1923 இல் கண்டது. கதரின் வாறிங்டன் என்ற பெண், போரன் இல்லாத நீர்க்கரைசலில் பெரிய அவரையை வளர்த்தார். குருத்துக் கறுத்துச் செடி செத்தது. மிகச் சொற்ப போரன் சேர்த்தவுடன் வளர்ந்தது. வேறு மூலகம் எதுவும் அந்த இடத்தில் நிற்கவில்லை. இவருடைய தகப்பனும் லோஸிடம் வேலை செய்தவர்தான்.

இதை வாசிக்கேக்கை அப்பாவின் வெங்காயத் தோட்டம் ஞாபகம் வந்தது. பயிர் வெளிறினால் யூரியாவைத்தான் கூட்டுவார், கடனும் கூடும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணில் இரும்பும் நாகமும் இருந்தாலும் வேருக்கு லேசில் கிடைக்காது. அதற்கு யூரியா என்ன செய்யும்?

பின்வளவில் பீற்றூட் வைத்திருப்பவர்கள் கிழங்கை வெட்டிப் பாருங்கோ. உள்ளே கறுத்திருந்தால் போரன் குறைவாக இருக்கலாம். சுண்ணாம்பு கூடப் போட்ட மண்ணில் இது அதிகம். அதற்காகப் போறாக்ஸை அள்ளிக் கொட்ட வேண்டாம். கொஞ்சம் கூடினாலும் இலை கருகிவிடும்.