மணலில் எழுந்த சோலை

அடையாறு ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே, பிரம்மஞான சபையின் வளாகத்தில் பரந்து நிற்கும் பேராலமரம் பெயர் பெற்றது. 1936ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ருக்மிணி தேவி அருண்டேல் அவ்வளாகத்தில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். ஒரு மரமும் ஒரு மாணவியுமாகத் தோன்றிய அப்பள்ளியே பின்னர்க் கலாக்ஷேத்ரா என்னும் பெயர் பெற்றது.

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொறியாளர். அவர் பணி ஓய்வு பெற்றபின் குடும்பம் அடையாற்றில் குடியேறியது. 1920இல் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை ருக்மிணி மணந்தபோது சென்னை நகரமே கொதித்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிராட்டம் பயின்று, 1935இல் மேடையேறியபோதும் எதிர்ப்பு எழுந்தது. அவர் அக்கலையிலிருந்து சிருங்காரச் சுவையைக் குறைத்ததை, அதனை வழிவழியாகக் காத்துவந்த மரபினர் ஏற்கவில்லை. அவர்தம் மனக்குறையில் நியாயம் உண்டு என்பதையும் மறத்தலாகாது.

1945இல் கணவர் மறைந்தார். அதன்பின் சில ஆண்டுகளில், அடையாற்று வளாகத்தை விட்டுக் கலாக்ஷேத்ரா வேறிடம் தேட வேண்டியதாயிற்று. பத்தாண்டுக்கு மேல் வேரூன்றிய நிறுவனம் பெயர்க்கப்பட்டால் பிழைக்குமா என்னும் ஐயம் எழுந்தது.

திருவான்மியூரில், கடலோரமாக ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலம் கிடைத்தது. அது நிழலற்ற மணற்பரப்பு. கடற்கரை மணலில் ஊற்றிய நீர் நில்லாது இறங்கிவிடும். உப்புக்காற்று இளந்தளிரைக் கருக்கிவிடும். கன்று பிழைக்க வேண்டுமாயின் குழிதோறும் எருவும் மண்ணும் இட்டு, காற்றுத் தடுப்பு அமைத்து, கோடை முழுதும் நீர் வார்த்தல் வேண்டும். அம்மணலில் ருக்மிணி தேவி மரங்களை நட்டு வளர்க்கச் செய்தார். மாளிகைகளை எழுப்ப அவர் விரையவில்லை. மரங்களுக்கிடையே எளிய ஓலைக் குடில்கள் எழுந்தன. இயற்கையின் நடுவிலன்றிக் கலை கைகூடாது என்பது அவர் துணிபு. முழுமையான இடப்பெயர்ச்சி 1962இல்தான் நிறைவுற்றது. மரம் வளரும் வேகத்திலேயே நிறுவனமும் வளர்ந்தது எனலாம்.

நெசவும் உடன் வந்தது. 1937இலேயே அவர் நெசவுக்கூடம் நிறுவியிருந்தார். நடனமணிகளின் உடைக்கெனத் தொடங்கிய அத்தறிகளில், வழக்கொழிந்துவந்த அகன்ற கரைகளும் பழைய வண்ணச் சேர்க்கைகளும் மீண்டும் உயிர்பெற்றன. ஆரணியிலும் காஞ்சியிலும் தறியோசை கேட்டு வளர்ந்தோர்க்கு இதன் அருமை விளக்காமலே விளங்கும். உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து கோத்திணைக்கும் கோர்வை வேலைக்கு, நெசவாளருக்குத் துணையாக இன்னொருவரும் தறியில் அமர வேண்டும். விரைவாக விற்பனையாகும் எளிய சேலை பெருகிய காலத்தில், அவ்வுழைப்புக்கு மதிப்புத் தேடித் தந்தது அந்நெசவுக்கூடம்.

மரத்தின்பால் காட்டிய பரிவை அவர் விலங்குகளின்பாலும் காட்டினார். 1952இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்று, விலங்குவதைத் தடுப்பு மசோதாவை முன்மொழிந்தார். அம்முயற்சியின் பயனாக 1960இல் சட்டம் பிறந்தது. 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரை அணுகியபோது, அவர் இசையவில்லை.

1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் ருக்மிணி தேவி மறைந்தார். திருவான்மியூர் வளாகத்தின் ஆலமரத்தடியில் மாணவர்கள் காலைதோறும் கூடிப் பாடிவிட்டே வகுப்புகளுக்குச் செல்கின்றனர்.